துவிச்சக்கரவண்டிப் பயணமும் சுமையும்

(நமது சங்கத்து இளைஞர்களின் திருக்கேதீச்சர யாத்திரைக்கு முன்னர் நிகழ்த்திய பேச்சு)



வருகின்ற மகா சிவராத்திரிக்கு நமது சங்கத்து இளைஞர் பதினால்வர் துவிச்சக்கரவண்டியில் திருக்கேதீச்சரம் செல்லத் தீர்மானித்திருக்கின்றனர். வழியைப் பற்றிப் பேச ஒருவரையும், உடல்நலத்தைப் பற்றிப் பேச ஒருவரையும் ஒழுங்குசெய்த செயலாளர், சாமான் கட்டுவதைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்தார். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர் சிரித்தார். “கயிற்றை எடுத்தால் கட்டலாம். இதற்கும் ஒரு பேச்சா?” என்றார். அவர் சிரித்தது நியாயமே. சைக்கிள் கரியரில் எதையும் கட்டிப் பழகியவர்கள் நாம். ஆயினும் சந்தைக்கு ஒரு மணி நேரம் மூட்டை கொண்டுபோவது வேறு. நூறு கிலோமீற்றர் மூட்டையோடு போய் மூன்றாம் நாள் திரும்பி வருவது வேறு. அந்த வேறுபாட்டைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இளைஞர்கள் தயாரித்த சாமான் பட்டியல் சென்ற வாரம் எமது கைக்கு வந்தது. அது மூன்று பக்கங்கள் கொண்டது. ஆளுக்கு நான்கு உடுப்பு, ஆளுக்கொரு தலையணை, எரிவாயு அடுப்பு, பெரிய சோற்றுப் பானை, ஒலிபெருக்கிப் பெட்டி, மடக்குக் கதிரை இரண்டு என்று நீண்டு சென்றது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் யாத்திரையே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். மயிலிறகே ஆனாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று வள்ளுவர் அறிவுறுத்தியது வலியறிதல் என்னும் அதிகாரத்திலாகும். சாமான் கட்டுவது கயிற்றின் வேலையன்று, தன் வலிமையை அறிகின்ற வேலை என்பதை அதிலிருந்தே நாம் உணரலாம்.

நிற்க. சாமான் கட்டும் கலையைப் படிக்க நாம் வேறெங்கும் போகவேண்டியதில்லை. சுன்னாகச் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ விடியற்காலையிற் சென்று வாயிலில் அரை மணி நேரம் நின்றால் போதும். வாழைக்குலை கொண்டுவரும் கமக்காரரைப் பாருங்கள். அவர் குலைகளைக் கரியரின் மேல் ஒன்றன்மேலொன்றாக அடுக்குவதில்லை. கரியரின் குறுக்கே தடியொன்றைக் கட்டி, இருபுறமும் சமமாகத் தொங்கவிடுகிறார். குலையின் அடி சக்கரத்தின் அச்சளவுக்குத் தாழ்ந்து நிற்கும். மீன் விற்பவரைப் பாருங்கள். அவருடைய பெட்டி கரியரிலும் அகலமானது, ஆனால் உயரமானதன்று. அதைக் கயிற்றால் அல்ல, பழைய ரியூபை நீளமாக வெட்டிய வாரினால் இறுக்கியிருப்பார். கயிறு குலுங்கக் குலுங்க நெகிழும். ரியூப் வார் இழுபட்டுத் தானே இறுகி நிற்கும். எந்தப் பொறியியற் கல்லூரியிலும் படியாமல் அவர்கள் அறிந்துகொண்ட விதிகளே எல்லாத் தேசத்துச் சைக்கிள் யாத்திரிகரும் கைக்கொள்ளும் விதிகளாகும்.

அவ்விதிகள் நான்கு. முதலாவது, சுமை தாழ்ந்திருக்க வேண்டும். சைக்கிள் ஓடும்போது நேராக நிற்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமுமாகச் சிறிது சாய்ந்து, கைபிடியின் சிறு திருப்பத்தினால் மீண்டும் நிமிர்ந்துகொண்டே செல்கிறது. சுமை உயர்ந்திருந்தால் அந்தச் சாய்வு பெரிதாகும். அதை நிமிர்த்தக் கையும் முதுகும் ஓயாமல் உழைக்க வேண்டும். பத்து மைல் செல்லுமுன் தோள் வலிக்கிறதென்று சொல்லும் இளைஞருடைய மூட்டையைப் பார்த்தால் அது இருக்கையிலும் உயரமாக இருக்கக் காண்பீர்கள்.

இரண்டாவது, சுமை இருபுறமும் ஒத்த நிறையாக இருக்க வேண்டும். ஒரு பக்கப் பையில் அரிசியும் மறு பக்கப் பையில் உடுப்பும் வைத்தால் வண்டி வழி முழுவதும் ஒரு பக்கமாக இழுக்கும். வீட்டை விட்டுப் புறப்படுமுன் இரண்டு பைகளையும் இரு கைகளிலும் தூக்கிப் பாருங்கள். கையே தராசு.

மூன்றாவது, சுமை ஓட்டுபவருக்கு அண்மையில் இருக்க வேண்டும். பாரமானதைக் கரியரின் வாற்பக்கத்திற் கட்டினால் முன் சக்கரம் இலேசாகிக் கைபிடி தளம்பத் தொடங்கும். இறக்கத்தில் வேகம் கூடும்போது வண்டி முழுவதும் நடுங்குவதும் உண்டு. ஆகையால் பாரமானவை இருக்கைக்கு நெருக்கமாக, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே இருத்தல் வேண்டும். ஆனால் மிதிக்கும்போது குதிக்கால் பையில் இடிக்காத இடைவெளியும் வேண்டும். ஒரு முறை இடித்தால் பொறுக்கலாம். நூறு கிலோமீற்றரில் எத்தனை ஆயிரம் மிதி என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, சுமை அசையாதிருக்க வேண்டும். ஆடுகின்ற ஐந்து கிலோ ஆடாத பத்துக் கிலோவிலும் கொடியது. கட்டி முடித்ததும் மூட்டையைப் பிடித்துப் பலமாக அசைத்துப் பாருங்கள். மூட்டை தனியே அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். வண்டியும் சேர்ந்து அசைந்தால் புறப்படுங்கள்.

இவற்றோடு ஓர் எச்சரிக்கை. வாரின் நுனி, கயிற்றின் வால், வேட்டித் தலைப்பு, சால்வை, தங்கையரின் தாவணி ஆகிய எதுவும் தொங்கக் கூடாது. முன்னொரு முறை நாம் நண்பர்களோடு சைக்கிளிற் சென்றபோது ஒருவருடைய பையின் வார் பின் சக்கரத்திற் சிக்கிச் சக்கரம் ஒரே இழுவையில் நின்றுவிட்டது. அவர் தெருவில் விழுந்தார். பின்னால் வந்த நாம் அவர்மேல் விழுந்தோம். நல்ல காலமாக அந்நேரம் பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை. அரைச் சாண் நீளமான வார்த்துண்டைச் செருகிவிடச் சோம்பியதன் விலை, ஒருவருக்கு மணிக்கட்டு முறிவும் எமக்கு முழங்கையில் இன்றும் மறையாத தழும்புமாகும்.

முதுகிற் பையைச் சுமந்து செல்வது இக்காலத்து வழக்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்திற்கு அது சரி. நீண்ட பயணத்திற்குச் சரியன்று. முதுகிலுள்ள நிறை முழுவதும் இருக்கையின் வழியே உங்கள் உடலை அழுத்தும். வியர்வை ஆறாது. நிறையும் உயரத்திலிருக்கும். சக்கரம் சுமக்கக் காத்திருக்கும்போது முதுகைக் கொடுப்பானேன்?

இனி வண்டியைப் பற்றிச் சிறிது. ஓட்டுபவருடைய நிறையிற் பெரும் பங்கை வெறும் வண்டியிலேயே பின் சக்கரந்தான் தாங்குகிறது. கரியரில் ஏற்றும் சுமையும் அதன் மேலேயே விழுகிறது. இதை அறிந்துதான் பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களுக்கு முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் வைத்தார்கள். பாட்டனார் விட்டுச்சென்ற வண்டி வீட்டில் இருந்தால் எண்ணிப் பாருங்கள். கம்பி முறிவதானால் பெரும்பாலும் பின் சக்கரத்திலேயே முறியும். எனவே புறப்பட ஒரு வாரம் முன்னதாகவே கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்து, தளர்ந்திருப்பவற்றைச் சைக்கிள் கடையில் இறுக்குவித்துக்கொள்ள வேண்டும். பின் ரயருக்கு வழமையிலும் சற்றுக் கூடுதலாகக் காற்றடிக்க வேண்டும். ரயரின் பக்கத்திற் பொறித்துள்ள எல்லையைத் தாண்டவும் கூடாது. கரியரைப் பிடித்திருக்கும் ஆணிகளை இறுக்கி, அதே அளவான ஆணி இரண்டைக் கையிற் கொண்டுசெல்ல வேண்டும். கரியர் கழன்றால் சுமை முழுவதும் நடுத்தெருவில்.

கரியர்களிலும் பேதம் உண்டு. இப்போது விற்கப்படும் பல கரியர்களில் 25 கிலோ என்ற எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். இருக்கைக் குழாயை மட்டும் பிடித்து நிற்கும் சிறிய கரியர்கள் அதிற் பாதியையும் தாங்கமாட்டா. மலைச் சைக்கிள் என்று சொல்லப்படும் புதிய வண்டிகள் பலவற்றிற்குக் கரியரே கிடையாது. தடித்த இரும்புக் கரியர் பூட்டிய பழைய மாதிரி லுமாலா வண்டியைப் பழசென்று இகழாதீர்கள். சுமையோடு போகிற பயணத்தில் அதுவே மூத்த அண்ணன்.

பிறேக்கையும் மறக்கக் கூடாது. பாரம் கூடக் கூட வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடும். மழையில் நனைந்த இரும்பு றிம்மில் பிறேக் கட்டை வழுக்கும். முன்னால் செல்பவருக்கும் உங்களுக்கும் இடையே வெறும் வண்டியில் விடுகின்ற இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விடுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்பீர்கள். சைக்கிள் தாங்கக்கூடிய அளவு மிகப் பெரிது. 1954 ஆம் ஆண்டில் வியட்நாமில் தியன் பியன் பூப் போரின்போது மலைப் பாதைகளில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் அரிசியும் வெடிமருந்தும் கொண்டுசெல்லப்பட்டன. ஒரு வண்டியில் இருநூறு கிலோவுக்கு மேலும் ஏற்றினார்கள். ஆனால் ஒருவரும் அவ்வண்டிகளில் ஏறி ஓட்டவில்லை. கைபிடியில் நீண்ட மூங்கிலைக் கட்டிப் பக்கத்தில் நடந்தபடியே தள்ளிச் சென்றார்கள். சைக்கிளில் எவ்வளவும் ஏற்றலாம். ஆனால் அதன்பின் நாம் ஏறமுடியாது. ஏறிச் செல்ல விரும்புபவர் குறைத்தே ஏற்ற வேண்டும்.

குறைத்துச் சென்றவர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884 ஆம் ஆண்டு ஏப்ரலில், பெரிய முன் சக்கரமும் சிறிய பின் சக்கரமும் கொண்ட அக்காலத்துச் சைக்கிளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, 1886 டிசெம்பரில் யப்பானின் யோக்ககாமாவை அடைந்தார். சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. அவர் புறப்படும்போது கைபிடிப் பையிலிருந்தவை காலுறைகள், மாற்றுச் சட்டை ஒன்று, கூடாரமாகவும் படுக்கையாகவும் பயன்பட்ட மழையங்கி, கைத்துப்பாக்கி என்பவையே. ஒரு பொருள் மூன்று வேலை செய்தால் இரண்டு பொருளை வீட்டில் விடலாம் என்பதை அந்த மழையங்கி கற்பிக்கின்றது. நம்மவருக்கு இது புதிதன்று. நான்கு முழ வேட்டி உடுக்கவும், விரிக்கவும், போர்க்கவும், குளித்துத் துவட்டவும், வேண்டுமானால் மூட்டை கட்டவும் உதவுவதன்றோ?

அயர்லாந்துப் பெண்மணியான டேர்வ்லா மேர்ஃபி 1963 ஆம் ஆண்டில் தன்னந்தனியாகச் சைக்கிளில் தம் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்தார். தமது வண்டிக்கு ரோஸ் என்று பெயரிட்டிருந்தார். வழியில் தேவைப்படக்கூடிய ரயர்களை அவர் சுமந்து செல்லவில்லை. போகும் வழியிலுள்ள சில நகரங்களுக்கு முன்னரே அனுப்பிவைத்தார். நமது யாத்திரைக்கும் இது பொருந்தும். கோயிலில் அன்னதானம் இருக்கிறது. தங்குவதற்கு இடம் கேட்டு எழுதியாயிற்று. அப்படியிருக்கச் சோற்றுப் பானையும் எரிவாயு அடுப்பும் ஏன் சைக்கிளில் ஏறவேண்டும்?

இப்போது உங்கள் வழியைப் பாருங்கள். நாவற்குழி தாண்டி, கேரதீவிலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால் கடலைக் கடந்து, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாகப் போகப் போகிறீர்கள். 2011 ஆம் ஆண்டு தை மாதம் அந்தப் பாலம் திறக்கப்பட்டது. போருக்கு முன் அவ்விடத்தில் பாதையில் ஏறித்தான் அக்கரை சேர்ந்தோம். தெரு மட்டமானது, ஏற்றம் இல்லை. ஆனால் காற்று உண்டு. வாடையின் மிச்சம் போகும்போது முதுகைத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அறையும். வெளியில் அகன்று நிற்கும் பை பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும். அதனாற்றான் பைகளை ஒடுக்கமாகக் கட்டச் சொல்கிறோம். கடைகள் தூரத்துக்குத் தூரமே வரும். நிழல் அதிலும் குறைவு. ஆகவே எதைக் குறைத்தாலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு. அது மூன்று கிலோ. குடிக்கக் குடிக்கக் குறைகின்ற சுமை அது ஒன்றுதான்.

தண்ணீரை நீக்கி ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேற்படாதபடி கட்டுங்கள். உடுத்ததை விட ஒரு மாற்றுடுப்பு, கோயிலுக்கு ஒரு வேட்டி அல்லது சேலை, துவாய், போர்வை, தட்டும் கோப்பையும், மருந்து எடுப்பவர்களுக்கு மருந்து, கைத்தொலைபேசி, அடையாள அட்டை. இவ்வளவும் ஏழு கிலோவுக்குள் அடங்கும். உரப் பையைக் கழுவிக் காயவைத்து, உள்ளே பொலித்தீன் பையொன்றை இட்டுக் கட்டினால் மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. கடைசியில் வேண்டியதை அடியிலும் முதலில் வேண்டியதை மேலேயும் வையுங்கள். ஒட்டுப் போடும் சாமானை மூட்டையின் அடியில் வைத்துவிட்டு, நடுவெயிலில் மூட்டை முழுவதையும் தெருவோரத்தில் பரப்பியவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

பொதுச் சாமான்களைப் பங்கிட வேண்டும். பதினான்கு வண்டிக்குப் பதினான்கு பம் வேண்டியதில்லை, இரண்டு போதும். சாவிக் கூட்டம் இரண்டு, ஒட்டுச் சாமான் இரண்டு, கட்டுக்கம்பி ஒரு சுருள். ஆனால் 28 அங்குலச் சக்கரத்திற்கும் 26 அங்குலச் சக்கரத்திற்கும் ரியூப் வேறு என்பதை மறவாமல் இரண்டு வகையிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பங்கிடும்போது வயதையும் வலிமையையும் பார்த்துப் பங்கிடுங்கள். பதினைந்து வயதுத் தம்பியும் இருபத்தைந்து வயது அண்ணனும் ஒரே நிறையைச் சுமப்பது சமத்துவமன்று.

அன்பர்களே, இதுவரை சொன்னவற்றை எவரும் சொல்லலாம். இனிச் சொல்லப்போவதற்காகவே இந்த மேடையில் ஏற நாம் இசைந்தோம்.

நமது மக்கள் அனைவரும் ஒரே இரவில் சைக்கிளிற் சாமான் கட்டிய நாள் ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. நோயாளியும் விறகும் மாப்பிள்ளையும் பெண்ணும் சைக்கிளிலேயே சென்றார்கள். பற்றரி கிடையாதபடியால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சக்கரத்தைக் கையாற் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி மாலை, வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலட்சக்கணக்கானோர் அன்றிரவே தெருவில் இறங்கினார்கள். மழையும் பெய்தது. இங்குள்ள பெரியோர் அனைவருக்கும் அந்த இரவு தெரியும். எம்மிலும் பெரிதாக இழந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சாமான் கட்டுவதைப் பற்றி அன்று நாம் படித்ததை மட்டும் சொல்கிறோம்.

எமக்கு அப்போது பதினெட்டு வயது. தந்தையார் தையல் வேலை செய்பவர். வீட்டில் இரண்டு சைக்கிள். தாயார், தங்கை, ஆச்சியோடு நாம் ஐவர். ஒரு சைக்கிளில் அரிசியும் பாத்திரமும் காணி உறுதி வைத்த தகரப் பெட்டியும் ஏற்றினோம். மற்றச் சைக்கிளின் கரியரில் தந்தையார் தையல் மிசினின் தலையைச் சாக்கிற் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டினார். போகிற இடத்தில் எதைக்கொண்டு பிழைப்பது என்று அவர் யோசித்தது பிழையன்று. ஆச்சிக்கு முழங்கால் வாதம். தாயாரும் தங்கையும் இரு பக்கமும் பிடிக்க, மெல்ல நடப்பா என்று எல்லோரும் எண்ணினோம்.

நாவற்குழிப் பாலத்தை அணுகுமுன்னரே சனம் நகராமல் நின்றுவிட்டது. சில கிலோமீற்றர் செல்ல இரவு முழுவதும் ஆயிற்று. நடுச்சாமத்தின் பின் ஆச்சி தெருவோரத்தில் இருந்துவிட்டா. “என்னை விட்டிட்டுப் போங்கோ மோனை. விடியப் பாத்துக் கொண்டு நான் வாறன்” என்றா. எங்கே வருவா, எப்படி வருவா என்று அவவுக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மிசினை அவிழ்க்கத் தொடங்கினார். மழையில் ஊறிய கயிற்றின் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. கையில் கத்தியில்லை, கத்தி மற்றச் சைக்கிளின் மூட்டைக்கு அடியில். பின்னாலிருந்து சனம் நெருக்கியது. இருட்டில் நகத்தாலும் பல்லாலும் அந்த முடிச்சோடு நாம் இருவரும் போராடிய நேரம் எவ்வளவென்று சொல்ல முடியாது. ஆச்சி மழையில் நனைந்துகொண்டே இருந்தா. கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது. மிசினை வயல் வரம்பில் இறக்கிவைத்துவிட்டு, ஆச்சியைக் கரியரில் இருத்தி, தந்தையார் உருட்ட நாம் முதுகைத் தாங்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தோம். விடியும்போது தென்மராட்சி மண்ணில் நின்றோம்.

அடுத்த ஆண்டு சித்திரையில் வீடு திரும்புகையில் அந்த வரம்பில் தந்தையார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். மிசின் அங்கிருக்கவில்லை. “மிசின் வாங்கலாம்” என்று மட்டும் சொல்லி ஏறி ஓட்டினார். வாங்க ஆறு ஆண்டுகள் சென்றன. ஆச்சி அதற்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் எம்மோடு இருந்தா.

இளைஞர்களே, அந்த இரவிலிருந்து எமக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று சிறியது: எந்தச் சுமையையும் இருட்டில், மழையில், ஒற்றைக் கையால் அவிழ்க்கக்கூடியதாகக் கட்டுங்கள். இறுகக் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ரியூப் வாரும், இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சும், எட்டும் இடத்திலே ஒரு கத்தியும் வேண்டும். மற்றது பெரியது: பலர் சேர்ந்து செல்கின்ற பயணத்தில் ஒரு வண்டியின் கரியராவது வெறுமையாகச் செல்ல வேண்டும்.

பதினான்கு வண்டிகளில் இரண்டின் கரியரில் எதையுமே கட்டாதீர்கள். அவை பலமான பழைய வண்டிகளாக இருக்கட்டும். ஒன்று நடுவிலும் ஒன்று எல்லோருக்கும் கடைசியிலும் வரட்டும். அவற்றை ஓட்டுபவர்களின் சாமானை மற்றப் பன்னிருவரும் பகிர்ந்து சுமக்கட்டும். மூன்று பக்கப் பட்டியலை ஒரு பக்கமாக்கும்படி நாம் வற்புறுத்துவது இந்த இரண்டு கரியர்களுக்கு இடம் எடுப்பதற்காகவே. கைத்தொலைபேசி இருக்கிறது, யாருக்காவது இயலாவிட்டால் வாகனத்தைக் கூப்பிடலாம் என்பீர்கள். கூப்பிடத்தான் வேண்டும். வாகனம் வருமட்டும் அவரை வெயிலில் வைத்துக்கொண்டு நிற்கப் போகிறீர்களா, அல்லது மெல்ல உருட்டியாவது அடுத்த மரநிழலுக்குக் கொண்டுபோகப் போகிறீர்களா? வெயிலில் மயங்கிய தங்கைக்கும் வண்டி முறிந்த தம்பிக்கும் தயாராக ஓர் இடம் இருக்கிறதென்று தெரிந்தாலே, பலங்குறைந்தவரும் துணிந்து புறப்படுவர். நம்மைத் தாமதப்படுத்துவார் என்று எவரையும் வீட்டில் விட்டுச் செல்லவேண்டி வராது.

யாருக்கும் ஒன்றும் நேராமல் அந்த இரண்டு கரியர்களும் போய்வரும்வரை வெறுமையாகவே இருந்தால், வீண் என்று எண்ணாதீர்கள். அப்படி வெறுமையாகத் திரும்புவதே எமது பிரார்த்தனை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் சாமானைக் கட்டிக்கொண்டு சங்க முன்றலுக்கு வாருங்கள். பண்ணைத் தாம்போதியில் ஊர்காவற்றுறைப் பக்கம் சென்று திரும்புவோம். இரு புறமும் கடற்காற்று அடிக்கும் அந்தத் தெரு, கட்டினது சரியா பிழையா என்பதை எம்மிலும் நன்றாகச் சொல்லும். கடைத் தராசு ஒன்றும் கொண்டுவருவோம். ஏழு கிலோவுக்கு மேற்பட்டதைச் சங்கக் கட்டடத்திலேயே இறக்கிவைத்துவிட்டுப் போகலாம். அது அங்கே பத்திரமாக இருக்கும். வயல் வரம்பில் வைக்கவேண்டிய காலம் இனி எவருக்கும் வரவேண்டாம்.

சுகமே சென்று, சுகமே திரும்புக.